மேனேஜர் ஆர்டர்

டெஸ்டர் என்பது அவருடைய பெயர் அல்ல. சட்டைப் பையில் எந்நேரமும், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணப் புகைப்படத்தில்கூட அது பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. "என்னைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னா, அது விழுந்துடுமோன்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டு நிக்கிறாரு பாருங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி அந்தப் படத்தைக் காட்டுவாள்.

அறுநூறு நாற்காலி போட்ட ஒரு பொது அரங்கத்தில் அவர் எலக்ட்ரீஷியன். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். கரண்ட்டோடு பழகுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்துக்கு நாளாக நாளாகத் துணிச்சல் ஏறிக்கொண்டே போகும். இன்னொரு ரகத்துக்குப் பயம் ஏறிக்கொண்டே போகும், வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைக்கூடப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். நம் ஆள் இரண்டாவது ரகம். ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றால் மெயினையே அணைத்துவிடுவார். வாஷிங் மெஷின் பாதியில் நின்று துணியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். "ஊர்ல வேற யாரும் பல்பே மாத்துறதில்லையா?" என்று மனைவி கத்துவாள். அவர் பதில் பேச மாட்டார். பேசாமல் இருப்பதில் மனிதர் கைதேர்ந்தவர், அதனால் வந்த வினைதான் நான் சொல்லப்போவது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் ஆவணப்படம் வெளியானது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பங்க் ராக் பாடகனைப் பற்றிய படம். அவனை முள்ளு என்பார்கள். தலைமுடி அப்படிக் குத்திட்டு நிற்கும். அவன் பாட்டைப் பற்றி டெஸ்டரைக் கேட்டால், "மூணு கம்பி, நாலு உதை, மீதியெல்லாம் கத்தல்" என்பார். ஆனால் அந்தக் கத்தலில் வாடகை கேட்டு நிற்கும் வீட்டுக்காரன், முதலாளி, கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எரிந்து விழும் அதிகாரி, அத்தனை பேருக்கும் செருப்படி இருந்தது. உயிரோடு இருந்தபோது அவனைக் கேட்க முன்னூறு பேர் வந்தால் அதிசயம். செத்த பிறகு லட்சக்கணக்கில் ரசிகர்கள் முளைத்தார்கள். டெஸ்டரின் ஒரே மகளும் அதில் ஒருத்தி. கல்லூரியில் படிக்கிறாள், வயது பத்தொன்பது. அவளுக்கு அவனைப் பிடித்துப்போனபோது வயது பதினான்கு.

முள்ளுவின் கடைசிக் கச்சேரி டெஸ்டரின் அரங்கத்தில்தான் நடந்தது. மாலை ஆறே முக்காலுக்கு, 'வரிசை' என்ற பாட்டின் நடுவில், "இனிமே நான்..." என்று அவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஆரம்பித்த இடத்தில் கரண்ட் போனது. மேடை இருண்டது. கோபத்தில் மேடையை விட்டு இறங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், நாற்சந்தியில் லாரிக்கு அடியில் கிடந்தான். இருபத்தாறு வயது. அந்த இருட்டில் கூட்டத்தில் ஒருவர் போனில் பதிவான ஒரு குரல் மட்டும் மிச்சம். "யாரு ஆஃப் பண்ணது? ஏன் ஆஃப் பண்ணீங்க?" என்று முள்ளு கத்துகிறான். யாரோ ஒருவர் சொல்கிறார்: "மேனேஜர் ஆர்டர்."

அந்த இரண்டு வார்த்தை போதாதா? நிர்வாகத்தைத் திட்டிப் பாடியவனை நிர்வாகமே வாயைப் பொத்தி அனுப்பிவிட்டது, அவன் செத்தும் போனான் என்று கதை பரவியது. அதிலிருந்து ரசிகர்களுக்கு ஒரு வழக்கம். எங்கே கூடினாலும் 'வரிசை' பாடுவார்கள். "இனிமே நான்" வந்ததும் அத்தனை பேரும் நிறுத்திவிட்டு, வாய் திறக்காமல் அப்படியே நிற்பார்கள். யாராவது ஒருவர் தாங்க முடியாமல் அழும்வரை நிற்பார்கள். டெஸ்டரின் மகளும் நின்றிருக்கிறாள், அழுதும் இருக்கிறாள்.

"அப்பா, நீ அந்த ஹால்லதானே வேலை பார்க்கிற! அன்னைக்கு முள்ளுவைப் பார்த்தியா?" என்று பதினான்கு வயதில் ஓடிவந்து கேட்டாள்.

"அன்னைக்கு எனக்கு லீவும்மா."

"போப்பா! வருஷத்துல முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்கு, அன்னைக்குத்தான் உனக்கு லீவு வேணுமா?"

சரி, அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது? டெஸ்டரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மத்தியானம் ஒத்திகையின்போது முள்ளுவின் கிடார் ஆம்ப்ளிஃபயரில் ஓயாத இரைச்சல். பாட்டு நின்றாலும் ங்ஙென்று காதைத் துளைத்தது. "அண்ணே, இது இருந்தா பாடவே முடியாது, ஏதாவது பண்ணுங்கண்ணே" என்று கெஞ்சினான். மேடைக்காரர்களிடம் ஒரு குறுக்கு வழி உண்டு. பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றி விட்டால் இரைச்சல் நின்றுவிடும். செய்யக் கூடாத வேலை. ஆம்ப்ளிஃபயரில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் போக வழியில்லாமல் கிடார் கம்பியில் வந்து நிற்கும். இதெல்லாம் டெஸ்டருக்கு மனப்பாடம். ஆனாலும் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். இரைச்சல் நின்றது. "நீங்க கடவுள்ணே!" என்று அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை துணிந்தார், அதுவும் இந்த லட்சணத்தில்.

சாயங்காலம் நாலாவது பாட்டில் மைக்கில் உதடு பட்டதும் முள்ளு வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தான். ஆட்டத்தில் ஒரு ஸ்டைல் என்று கூட்டம் கைதட்டியது. ஷாக்கோ என்று டெஸ்டர் எழுந்து நின்றார். அடுத்த பாட்டில் மறுபடியும் இழுத்தான், இந்தத் தடவை கை நடுங்கியது. வேர்வையில் நனைந்த உடம்பு, ஒரு கையில் கிடார், வாய் மைக்கில். அதற்கு மேல் டெஸ்டர் யோசிக்கவில்லை. மேடைக்குக் கரண்ட் போகும் மெயின் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

அதுவரைக்கும் சரி. அந்த நிமிஷத்தில் அவர் ஓர் உயிரைக் காப்பாற்றினார், அதை யாரும் மறுக்க முடியாது. அதற்கடுத்த நிமிஷம்தான் அவரைப் பதினோரு வருஷமாகத் தூங்கவிடவில்லை. இருட்டில் மண்டியிட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, அவசர அவசரமாக அந்தப் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைத் திரும்பவும் முறுக்கிக்கொண்டிருந்தார். யாராவது பார்ப்பதற்குள் மாட்டிவிட வேண்டும், பார்த்தால் லைசென்ஸ் போகும், வேலை போகும். முள்ளு முதுகுப் பக்கம் வந்து நின்றான். "ஏன்ணே ஆஃப் பண்ணீங்க?" மூன்று தடவை கேட்டான். ஷாக் அடிக்குது தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். ஆனால் அடுத்த கேள்வி, எர்த்தை யார் கழற்றினது என்று வருமே. டெஸ்டர் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார், "மேனேஜர் ஆர்டர்."

மேனேஜர் அன்றைக்கு மூன்று மணிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்தக் கச்சேரியை அவர் பார்க்கவே இல்லை.

இப்போது படம் வந்ததும் ராத்திரிச் சாப்பாடு டெஸ்டருக்கு நரகமாகிவிட்டது. மகள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, இன்னொரு கையால் போனைத் தள்ளித் தள்ளி ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் சத்தமாகப் படிப்பாள்.

"இதைக் கேளு. 'நான் அழுத அழுகையில எங்கம்மா ஓடிவந்து யாரு போயிட்டாங்கன்னு கேட்டாங்க.' இன்னொருத்தர், 'மூணு தடவை பார்த்துட்டேன், மூணு தடவையும் அந்தக் கட்டத்துல ஸ்க்ரீன் மேல செருப்பை எறியணும்னு தோணுச்சு.' இவன் ஒருத்தன், டிரம்ஸ் வாசிச்சவருக்கு நாலு நிமிஷம்தான் குடுத்திருக்காங்கன்னு பக்கம் பக்கமா புலம்புறான்."

"நாலு நிமிஷம் கம்மிதான்" என்று டெஸ்டர் ஒப்புக்குச் சொன்னார்.

"அப்புறம் அந்த மேனேஜர் பேர்ல மட்டும் ஆயிரத்து எண்ணூறு கமெண்ட். படத்துல அவரோட லெட்டர் ஒண்ணு காட்டுறாங்கப்பா. 'கூச்சல் அதிகமாக உள்ளது, எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளவும்'னு. மூஞ்சியைப் பார்க்கணுமே! கொலைகாரன்!"

தண்ணீர் டம்ளரை எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாவம் அந்த மேனேஜர், எல்லாக் கச்சேரிக்கும் அதே கடிதத்தைத்தான் அனுப்புவார். குழந்தைகளின் பாட்டுப் போட்டிக்குக்கூட அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசமானது. ரசிகர்களில் ஒருவன் அந்த இருட்டுக் குரலை எடுத்து, பின்னாலுள்ள கூச்சலையெல்லாம் கம்ப்யூட்டரில் கழித்துக் கழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை புதிதாக ஏற்றுவான். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தெளிந்துகொண்டே வந்தது. டெஸ்டர் வீட்டில் வாயைத் திறப்பதையே குறைத்துவிட்டார். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டிக் காட்டினார்.

வியாழக்கிழமை மகள் புதுப் பதிவைப் போட்டாள். மேசை மேல் கிடந்த போன் சொன்னது, "மேனேஜர் ஆர்டர்."

பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் போனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். மகள் திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருந்தாள். "இவன் யாரோ வாட்ச்மேனா இருக்கணும். இவனை விடு, சொன்னதைச் செஞ்சிருப்பான். சொன்னவனைத்தான் பிடிக்கணும்" என்றாள்.

மகள் எழுந்து கை கழுவப் போனதும் மனைவி மெதுவாகக் கேட்டாள். "அது உங்க குரல்தானே?"

அவர் தலையாட்டினார்.

"லீவுன்னு சொன்னீங்களே எங்ககிட்ட?"

அதற்கும் தலையாட்டினார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் கிசுகிசுத்துச் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் உள்ளே கிடந்தது, வெளியே வர ஒரு நிமிஷம்தான் பிடித்தது. மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்போ? அவ கல்யாணத்துக்கு அப்புறமா?"

மறுநாள் காலை அரங்கத்தின் சுவிட்ச் அறையில் இருந்தபோது போன் வந்தது. பழைய மேனேஜர். ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார், எழுபது வயது.

"ஏம்பா டெஸ்டர், நல்லா இருக்கியா? ஒரு விஷயம் கேட்கணும். ராத்திரி யாரோ எங்க காம்பவுண்டுச் சுவர் மேல கறுப்பு பெயிண்டை ஊத்திட்டுப் போயிருக்காங்க. பேரப் பசங்க ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குதுங்க. நான் என்னப்பா பண்ணேன்? அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியிலதானே இருந்தேன்?"

"ஆமா சார்."

"அங்கிருந்து போன் கீன் பண்ணி ஏதாவது சொன்னேனா? எனக்கு இப்பல்லாம் மறதி அதிகமா இருக்குப்பா. காலையில மாத்திரை போட்டேனா இல்லையான்னே தெரியல. மருமக சொல்றா, அவ்வளவு பேர் சொல்றாங்களே மாமா, நீங்க சொல்லித்தான் இருப்பீங்க, மறந்திருப்பீங்கன்னு. நீ கூடவே இருந்தவன். உனக்கு ஞாபகம் இருக்கும். நான் சொன்னேனா?"

இல்லை சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "ரொம்ப வருஷம் ஆச்சே சார், சரியா ஞாபகம் இல்ல" என்றார் டெஸ்டர். அடப் பாவி மனுஷா! போனை வைத்த பிறகு அவர் சுவிட்ச் அறையின் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டார். வலித்தது, அதனால் ஆன பயன் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாள். "அந்த மேனேஜர் வீட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்கப்பா. நாலு மணிக்கு வாசல்ல நின்னு பாடப் போறோம். சும்மா ஒண்ணும் பண்ண மாட்டோம், பாடிட்டு நிப்போம். அவர் எங்க மூஞ்சியைப் பார்க்கணும்."

"வயசானவரும்மா" என்றார் டெஸ்டர்.

"முள்ளுவுக்கு வயசாகவே இல்லையேப்பா."

"மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மகள் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மனைவி சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையை மாட்டினார். பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதுகூடத் தெரியாமல், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு நெஞ்சு வலிக்குது வா என்று மகளுக்குப் போன் பண்ணினால் என்ன என்றுகூட யோசித்தார். நெஞ்சும் நிஜமாகவே அடித்துக்கொண்டுதான் இருந்தது. வேலை போனால் போகட்டும், லைசென்ஸ் போனால் போகட்டும், இந்த வயதில் என்ன செய்துவிடுவார்கள்? ஆனால் அந்தப் பெண் இனிமேல் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அந்த ஒன்றை நினைத்தால்தான் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தெருவுக்குள் நுழையும்போதே பாட்டு கேட்டது. முப்பது, நாற்பது பேர், எல்லாரும் கறுப்புச் சட்டை. சுவரில் அந்தப் பெயிண்ட் காய்ந்து வழிந்திருந்தது. எதிர் வீட்டு ஜன்னல்களில் தலைகள். மகள் முன்வரிசையில் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே பாடினாள். "இனிமே நான்" என்றதும் சட்டென்று எல்லாரும் நிறுத்தினார்கள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

கதவு திறந்தது. மேனேஜர் வந்தார். மருமகள் கையைப் பிடித்து உள்ளே இழுக்க இழுக்க, உதறிவிட்டு கேட் வரைக்கும் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா இத்தனை பேர் சொல்றீங்க. நான்தான் சொல்லியிருப்பேன். ஆஃப் பண்ணச் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் செத்ததுக்கு நான்தான் காரணம்னா, என்னை மன்னிச்சிடுங்க. சுவத்தை என்ன வேணா பண்ணுங்க, பேரப் பசங்களை மட்டும் பயமுறுத்தாதீங்க."

கூட்டத்தில் ஒருத்தி விசும்பினாள். "ஒத்துக்கிட்டாருடா!" என்று ஒருவன் கத்தினான். அத்தனை போன்களும் மேலே எழுந்தன.

"அவர் சொல்லல" என்றார் டெஸ்டர்.

யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். "அவர் சொல்லல. அவர் அங்க இல்லவே இல்ல. ஆஃப் பண்ணது நான். அந்தப் பையனுக்கு ஷாக் அடிச்சுக்கிட்டு இருந்தது, அதனால பிடுங்கினேன். ஷாக் அடிச்சதுக்கும் நான்தான் காரணம். எர்த்தைக் கழட்டினது நான். ஏன் ஆஃப் பண்ணீங்கன்னு மூணு தடவை கேட்டான். நான் மாட்டிக்குவேன்னு பயந்து, மேனேஜர் ஆர்டர்னு பொய் சொன்னேன். அவர் ஆர்டரே போடல."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான். "யாருய்யா நீ? எவ்வளவு குடுத்தாங்க?" இன்னொருவன், அந்தக் குரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன் அவன்தானாம், போனை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினான். "அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லுங்க பார்ப்போம். ரெண்டையும் வச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். சொல்லுங்க!"

டெஸ்டர் வாயைத் திறந்தார்.

"வேணாம்" என்றாள் மகள். போனைத் தாழ்த்தியிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "வச்சுப் பார்க்க வேணாம். அது அவர் குரல்தான். அவர் என் அப்பா."

கூட்டம் அவளைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு டெஸ்டரின் சட்டையைப் பிடித்தான், பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள். "அப்போ யாருமே முள்ளுவைத் தடுக்கலியா? ஒரு கம்பிக்காகவா இத்தனை வருஷம் வாயை மூடிட்டு நின்னோம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள்.

கேட்டுக்கு உள்ளே மட்டும் ஒரு சந்தோஷம். மேனேஜர் மருமகளின் கையை உலுக்கிக்கொண்டிருந்தார். "பார்த்தியா? நான் சொல்லலியாம்! எனக்கு ஞாபகம் சரியாத்தான் இருக்கு! நான்தான் சொன்னேனே, ஆஸ்பத்திரியில இருந்தேன்னு!" பிறகு டெஸ்டரின் பக்கம் திரும்பி, கேட்டின் கம்பி வழியாக அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "ரொம்ப தேங்க்ஸ்பா" என்றார். திட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம், அதையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார் டெஸ்டர். இந்த நன்றியை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது?

பஸ் நிறுத்தத்தில் மகள் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவர் நாலடி தள்ளி நின்றார். பக்கத்தில் போகத் தைரியமில்லை.

அவளே பேச ஆரம்பித்தாள். "அஞ்சு வருஷமா நம்ம வீட்டுல அந்தப் பாட்டைப் பாடுறேன். நீ கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

"ஆமாம்மா."

"ஒரு நாள்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"தினமும் தோணும். பயமா இருந்துச்சு."

"வேலை போயிடும்னா?"

"முதல்ல அதுக்குத்தான் பயந்தேன்."

"அப்புறம்?"

அவர் மாறிப்போயிருந்த பித்தானைத் தடவிக்கொண்டு நின்றார். "அப்புறம் உனக்குத்தாம்மா பயந்தேன்" என்றார்.

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, கூட்டமில்லாத பஸ்.

"நீ இதுல போப்பா. நான் அடுத்ததுல வர்றேன்" என்றாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார்.